டிரைவர் சீட் காலி!

ஓடுகிற பஸ்ஸை நிறுத்தாமல் இன்ஜினை மாற்ற முடியுமா? பாரீஸ்காரர்கள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள்.

பாரீஸ் மெட்ரோவின் முதல் பாதை, உலகக் கண்காட்சியை ஒட்டி 1900 ஜூலை 19-ல் திறக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக டிரைவர்கள் ஓட்டிய அந்தப் பாதையில், ‘இனி டிரைவரே வேண்டாம்’ என்று முடிவெடுத்தார்கள்.

ஆளில்லா ரயில் அவர்களுக்குப் புதுசில்லை. லீல் நகரத்தில் 1983-லேயே வந்தாச்சு. பாரீஸின் 14-ம் பாதையிலும் 1998-ல் வந்துவிட்டது. ஆனால், அதெல்லாம் புதுசாகப் போட்ட பாதைகள். இதுவோ தினமும் சுமார் 7 லட்சம் பேர் போய்வருகிற பாதை. இழுத்துப் பூட்டிவிட்டு வேலை பார்க்க முடியுமா, சொல்லுங்கள்? பிளாட்பார ஓரத்துத் தடுப்புக் கதவுகளை, ராத்திரி ரயில்கள் நின்ற பிறகுதான் மாட்டினார்கள்.

2011 நவம்பரில் முதல் ஆளில்லா ரயில் ஓடியது. அதன்பின் ஒரு வருஷம், ஆள் ஓட்டும் ரயிலும் ஆளில்லா ரயிலும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக ஓடின! (எனக்கு மலைப்பே இதில்தான்.) 2012 டிசம்பரில் கடைசி டிரைவரும் இறங்கினார்.

சரி, அவர்கள் பிழைப்பு? வேலையை விட்டு யாரையும் அனுப்பவில்லை. பலர் வேறு பாதைகளுக்குப் போனார்கள்; சிலர் மேற்பார்வை வேலைக்கு வந்தார்கள். போனது சம்பளமல்ல, வேறொன்று.

2019 டிசம்பரில் பென்ஷன் பிரச்னைக்காக பாரீஸில் பெரிய ஸ்டிரைக். மெட்ரோ பாதைகள் பெரும்பாலும் முடங்கின. 1-ம் பாதையும் 14-ம் பாதையும் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன.