புழுவைத் தேடிப் போன குளவி: கென்யாவின் மக்காச்சோள வரலாறு

பூச்சிக்கொல்லி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் "இரசாயனம் கெட்டது, இயற்கை நல்லது" என்று இரண்டு பத்தி எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். சான்று எங்கேப்பா என்று கேட்டால் பதில் வராது. நல்ல சான்று ஒன்று கென்யாவில் இருக்கிறது.

நாம் இங்கே வெறுமனே சோளம் என்கிறோமே, பசார் மாலாமில் அவித்து விக்கிறாங்களே, அந்த மக்காச்சோளம் ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அங்கே போனது. 20ஆம் நூற்றாண்டில் கென்யாவின் முதன்மை உணவாகிவிட்டது. சோள மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் உகாலிதான் அங்கே சோறு மாதிரி. சோளம் போச்சுன்னா சாப்பாடே போச்சு.

அந்தச் சோளத்தை அழித்தது தண்டுத்துளைப்பான். இதில் முக்கியமானவை இரண்டு இனங்கள். ஒன்று ஆப்பிரிக்காவிலேயே தோன்றிய புசியோலா ஃபுஸ்கா. மற்றது கைலோ பார்டெல்லஸ், ஆசியாவிலிருந்து வந்தது. 1930வாக்கில் மலாவியில் முதலில் பதிவான இது, பிறகு கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. பூச்சி வந்துவிட்டது; ஆசியாவில் அதை அடக்கி வைத்திருந்த எதிரிகள் கூட வரவில்லை. வரலாற்றுக் கண்ணோட்டத்தில் பிரச்சினையின் வேரே இதுதான்.

மருந்தடித்தால் தீராதா? அந்துப்பூச்சி இலையில் முட்டையிடும். பொரித்து வரும் புழு சில நாள் குருத்தைத் தின்னும், அப்புறம் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு மேலே எவ்வளவு தெளித்தாலும் அதன்மேல் படாது. அந்தச் சில நாளுக்குள் சரியாக மருந்திட வேண்டும். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவருக்கு மருந்து வாங்கவே காசில்லை என்றால், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? விளைச்சலில் 20 முதல் 40 விழுக்காடு வரை புழுவுக்குப் போனது.

எதிரியைக் கொண்டுவந்தால் என்ன என்ற யோசனை புதிதல்ல. 1968 முதல் 1972 வரை வெளிநாட்டு ஒட்டுண்ணிப் பூச்சிகள் பலவற்றைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. 1970இல் தாமஸ் ஒடியாம்போ என்ற கென்ய அறிவியலாளர் நைரோபியில் நிறுவிய பூச்சியியல் ஆய்வு மையம், இசிபி, இருபது ஆண்டுகள் கழித்து அந்த முயற்சியை மறுபடி கையில் எடுத்தது. பாகிஸ்தானிலிருந்து கொட்டேசியா ஃபிளாவிப்பெஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து, 1993இல் கென்யக் கடலோரத்தில் விட்டது.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது எறும்பை விடச் சிறியது, சில நாளே உயிர்வாழும். ஆனால் மருந்து நுழைய முடியாத இடத்துக்குள் இது நுழையும்! புழு துளைத்த பாதை வழியாகவே தண்டுக்குள் ஊர்ந்து போய், புழுவின் உடலில் முட்டைகளைச் செலுத்தும். குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டும். புழு அதோடு முடிந்தது. இந்த முறை குளவி நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் கடலோரத்தில் கைலோ புழுக்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. புசியோலாவிடம் மட்டும் இதன் வேலை பலிக்கவில்லை. அந்தப் புழுவின் உடல் குளவி முட்டைகளைச் சுற்றி வளைத்துக் கொன்றுவிடும். ஆக, புசியோலா மிகுந்த உள்நாட்டு மேட்டுப் பகுதிகளுக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி விக்டோரியா ஏரிக்கரையில், ம்பீட்டாவில் உள்ள இசிபி நிலையத்தில் உருவானது. இந்தியாவில் பிறந்த செயாவூர் கானும், இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆய்வகத்தின் ஜான் பிக்கெட்டும் 1990களில் புற்களைச் சோதித்தார்கள். வெல்லப்பாகுப் புல் என்ற ஒரு புல், புழு கடித்த செடி விடும் வாசனையைக் கடிபடாமலேயே விடுகிறது. அந்த வாசனைக்கு அந்துப்பூச்சி விலகிப் போகும், உள்ளூர்க் குளவி ஓடி வரும். 1997இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. பிறகு அந்த இடத்தை டெஸ்மோடியம் என்ற பயறு வகைக் கொடி பிடித்தது. சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம், வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியம் பூச்சியைத் தள்ளுகிறது, நேப்பியர் இழுக்கிறது. நேப்பியரில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழுக்களில் பெரும்பாலானவை அதன் பசைச்சாற்றிலேயே செத்துவிடும். அதனால் இதற்குத் 'தள்ளு–இழு' முறை என்று பெயர்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சோள வேரை உறிஞ்சி வாழும் ஸ்ட்ரைகா என்ற களை, தமிழக உழவர்கள் சுடுமல்லி என்பார்களே அது, டெஸ்மோடியம் இருந்த இடத்தில் மறைந்துபோனது. அதன் வேரிலிருந்து கசியும் பொருள்கள் களையின் விதையை முளைக்க வைத்து, சோள வேரைப் பற்றவிடாமல் சாகவிடுகின்றன. மேற்குக் கென்யாவில் புழுவுக்குச் சமமான எதிரி இந்தக் களை.

மாணவர்களே, தேர்வில் வாதம் எழுதும்போது இங்கே கவனியுங்கள். உழவர்கள் இம்முறையை ஏற்றதற்குப் புழு ஒன்றே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நேப்பியரும் டெஸ்மோடியமும் மாட்டுத் தீவனம். அறுத்துப் போட்டால் பால் கூடும், பால் விற்றால் காசு. டெஸ்மோடியம் மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. மருந்து புட்டியில் பால் கறக்க முடியாதே! குறையும் உண்டு: முதல் ஆண்டில் களையெடுப்பு வேலை அதிகம், டெஸ்மோடியம் விதையும் எளிதில் கிடைக்கவில்லை. பலர் கொடியை வெட்டி நட்டே பெருக்கினார்கள்.

2016இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு ஆப்பிரிக்காவுக்குள் வந்தது. 2018இல் இந்தியா, அடுத்து நம் தென்கிழக்கு ஆசியா. கிழக்கு ஆப்பிரிக்காவில் தள்ளு–இழு வயல்களில் இதன் சேதமும் மற்ற வயல்களைவிட மிகக் குறைவாக இருந்ததை 2018இல் வந்த ஆய்வு காட்டியது. தண்டுத்துளைப்பானுக்காக நட்ட செடிகள்தாம், புதிதாக எதையும் நடவில்லை.