கொலிஸ்டின்

மற்ற ஆன்டிபயாடிக்குகள் பலிக்காத கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாத் தொற்றுகளுக்கு, பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசி வழியாகத் தரப்படும் கடைசிக்கட்ட மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970-களில் ஓரங்கட்டப்பட்டது. மாற்று மருந்துகள் வலுவிழந்தபின் திரும்பி வந்தது. கல்ச்சர் பரிசோதனையில் கிருமியை அறிந்து, ரத்தத்தில் கிரியேட்டினினைத் தொடர்ந்து கவனித்து, அதற்கேற்ப அளவை மாற்றியே தர வேண்டும்.

ஆனால் இதன் பாதுகாப்பு மருத்துவமனையோடு முடிவதில்லை. பல்லடம் கறிக்கோழிப் பண்ணை வரையும் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணை வரையும் நீள்கிறது. இந்தியாவில் கோழி எடை கூடுவதற்காகத் தீவனத்தில் இது கலக்கப்பட்டு வந்தது. குறைந்த அளவில் நாள்தோறும் மருந்து பட்டால், அதைத் தாங்கும் கிருமிகளே பெருகும். அந்த எதிர்ப்புத் திறனை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் எம்சிஆர்-1 மரபணு, சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் வெளியானது. 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் இதை இந்திய அரசு தடை செய்தது.

மருத்துவமனைகளே மருந்தை அள்ளித் தரும்போது பண்ணையாளரை மட்டும் குறை சொல்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்திய மருத்துவமனைகளில் எதிர்ப்புத் திறன் பரவ அங்குள்ள பயன்பாடும் பெரிய காரணம். அதனால் தடை தேவையற்றதாகிவிடாது. நோயுற்ற கோழிக்குக் கால்நடை மருத்துவர் தர வேறு மருந்துகள் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்குப் பலசமயம் இது ஒன்றுதான் மிச்சம். பண்ணையாளர்கள் தீவன மூட்டையின் லேபிளைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.