எடை குறைப்பு நம்பிக்கைகளும் நிலைக்கும் பழக்கங்களும்

உடல் எடை, உணவு, உடற்பயிற்சி பற்றி மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகளில் சில முழுத் தவறு. சில பாதி உண்மை. வேறு சில, எப்போதோ யாரோ தோராயமாகச் சொன்ன ஓர் எண் நாளடைவில் விதியாக உறைந்துபோனவை. பெரும்பாலானவற்றில் ஒரே வாக்குறுதி ஒளிந்திருக்கிறது: குறிப்பிட்ட நாள் வரை வாயைக் கட்டினால் போதும், பிறகு பழையபடி இருந்துகொள்ளலாம். உடல் அப்படி இயங்குவதில்லை. பல ஆண்டுகள் விடாமல் செய்யக்கூடிய சிறிய மாற்றமே நோயைத் தள்ளிப்போடுகிறது என்பதற்கு உலகின் பல பகுதிகளிலும், குறிப்பாகச் சென்னையிலும், நல்ல சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

முதல் வாரத்தில் இறங்குவது எது?

பேலியோ, கீட்டோ என எந்தப் பெயரில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலும், முதல் வாரத்திலேயே எடை ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடும். அந்த வேகத்தைக் கண்டுதான் பலர் அந்த முறையை நம்புகிறார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். உண்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ அரைக் கிலோ அளவுக்குச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு தீரும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர் முழுப் பட்டினி கிடந்தாலும், அன்று கரையக்கூடிய கொழுப்பு கால் கிலோ அளவுதான். பிளாஸ்டிக் உறையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடுவதும் இதே வகை ஏமாற்றம். வியர்வையில் போவது நீரும் உப்பும். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட.

இந்த 7,700 என்ற எண்ணையும் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி 1958இல் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று கணக்கிட்டதிலிருந்து வந்தது இது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ வீதம் எடை குறைந்துகொண்டே போகும் என்று பலர் இதை நீட்டிக் கணக்குப் போடுகிறார்கள். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆய்வாளர் கெவின் ஹாலின் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். 30 வாரங்களில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்த அவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். அவர்கள் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழித்த ஆற்றல், எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இழந்ததை மீட்க உடல் ஆண்டுக்கணக்கில் போராடுகிறது. எடை திரும்பியவரை ‘மன உறுதி இல்லாதவர்’ என்று பழிப்பது நியாயமே இல்லை.

எந்த உணவுமுறை சிறந்தது என்ற சண்டைக்கும் ஓரளவு விடை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தமிழ் சமூக ஊடகங்களில் ஒவ்வொரு முறைக்கும் ஆள் சேர்த்து நடக்கும் வாதங்களின் சூட்டுக்கு இந்த வேறுபாடு தகுதியானதல்ல.

சோறா, சப்பாத்தியா?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடுவது தமிழ்நாட்டு வழக்கம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி, 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 340. மாவுச்சத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சப்பாத்திக்கு மாறியதும் சிலருக்கு உண்மையிலேயே பலன் தெரிவதற்குக் காரணம் எளியது: சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை எண்ணுவதில்லை. மூன்றோடு நிறுத்துபவருக்குப் பலன் உண்டு. எண்ணெய் தடவி ஆறு சாப்பிட்டு, தேங்காய் அரைத்த குருமாவும் தொட்டுக்கொண்டால் முன்பு இருந்ததைவிட மோசம்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதன் முதன்மையான கண்டறிதல். தீட்டிய அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிக்கொள்வதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தைச் சேர்த்தவர்களிடம்தான் ஆபத்து குறைவாகக் காணப்பட்டது. கம்பும் தினையும் நல்ல தானியங்கள், நார்ச்சத்து மிகுந்தவை. ஆனால் தினைப் பொங்கலை இரண்டு தட்டு சாப்பிட்டால் அது இரண்டு தட்டுப் பொங்கல்தான்.

நம் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் குன்றுபோல் சோறு. அதே சோறு சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கியிருக்க, தட்டுக்கு வருவது மேலே நிற்கும் தண்ணீர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது: நாளுக்கு ஏறத்தாழ 400 கிராம் கீரை, காய்கள், 100 கிராம் பழம். பட்டினியோ விலையுயர்ந்த மாவுப் பொட்டலமோ அதில் இல்லை. சோற்றையும் பொரியலையும் கொஞ்சம் இடம் மாற்றிக்கொண்டு, கரண்டியை அடிவரை விட்டுப் பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

கொள்ளு, தேன், நச்சுநீக்கம்

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழி ஓர் ஒப்பீடாகச் சரியானது. 100 கிராம் எள்ளில் நாற்பது கிராமுக்கு மேல் கொழுப்பும் 560 அளவில் கலோரியும் உண்டு. கொள்ளில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. கலோரி 320 அளவு. புரதம் 22 கிராம். அதனால் கொள்ளு வயிற்றை நிறைக்கும், பசியைத் தள்ளிப்போடும். ஆனால் கொள்ளுக் கஞ்சியோ கொள்ளு ரசமோ உடலில் சேர்ந்துவிட்ட கொழுப்பை உருக்கி எடுக்காது. பழமொழி சொன்னது எதை உண்பது என்பதை. விளம்பரம் அதை மருந்தாக்கிவிட்டது.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பதும் அப்படியே. பெரிய கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே பொழுதில் குடித்துவந்த சர்க்கரை போட்ட காப்பியை விட்டவருக்கு அதனால் லாபம் இருக்கலாம். காப்பியோடு இதையும் சேர்த்துக் குடிப்பவருக்கு இல்லை. ‘நச்சு நீக்கும்’ பழச்சாற்றுப் பட்டினிகளுக்கு அடிப்படையே கிடையாது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. கல்லீரல் ஓயாமல் நச்சை முறிக்கும் வேலையில்தான் இருக்கிறது. சாறு பிழியும்போது குப்பைக்குப் போகும் சக்கைதான் நாம் தேடிச் சாப்பிட வேண்டிய நார்ச்சத்து.

‘தினம் எட்டு டம்ளர் தண்ணீர்’ என்ற விதிக்கும் ஒரு மூலம் உண்டு. 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளுக்கு இரண்டரை லிட்டர் நீர் வேண்டும் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்று அடுத்து எழுதியதை உலகம் மறந்துவிட்டது. தாகத்துக்குக் குடிப்பது நலமானவர்களுக்குப் பொதுவாகப் போதும். முதியோரும் வெயிலில் உழைப்போரும் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும்.

பத்தாயிரம் அடி

தினம் பத்தாயிரம் அடி எடுத்து நடக்க வேண்டும் என்ற இந்த எண் மருத்துவமனையில் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். அந்தப் பெயர்தான் இன்று கைக்கடிகாரங்களும் கைப்பேசிகளும் நம்மை மிரட்டும் இலக்கு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் நடைபாதை நீளமான 8 கிலோமீட்டரும் ஏறத்தாழ பத்தாயிரம் அடிக்கு நெருங்கியதே.

பத்தாயிரம் தீங்கான எண் அல்ல. ஆனால் எட்ட முடியாதவர் மனம் விட்டுவிடுகிறார். ஹார்வர்டின் ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட ஆய்வில் 16,741 அமெரிக்கப் பெண்கள் இடம்பெற்றனர். சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடி அளவுக்குப் பிறகு கூடுதல் பயன் தெரியவில்லை. வீட்டைவிட்டு நகராத ஒரு பாட்டிக்கு, தெருமுனைக் கோயில்வரை தினமும் போய்வருவதே பெரிய மருந்து.

நடந்தால் நிறைய இளைக்கலாம் என்பது மட்டும் மிகை. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் 130 கலோரி அளவில் செலவாகும். பூங்கா வாசலில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அதைத் தாண்டிவிடும். நடையின் உண்மையான பரிசு இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் தூக்கத்திலும் இருக்கிறது.

தொப்பையும் ஒல்லி உடலும்

வயிற்றுக்கான பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது மிக விடாப்பிடியான நம்பிக்கை. 1971இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை தசையேறிப் பருத்திருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிமன் இரண்டு கைகளிலும் ஒன்றுதான். தசை வேலை செய்யும் இடத்திலிருந்துதான் கொழுப்பு எடுக்கப்படும் என்ற விதி உடலில் இல்லை.

ஒல்லியாக இருப்பவர் கவலைப்பட வேண்டாம் என்பது இதைவிட ஆபத்தானது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையும் வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு தெற்காசியர்களிடம் மிகுதி. அதனால் இந்தியர்களுக்கு அந்தக் குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே அதிக எடை என்றும், 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்றும் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கை எல்லை.

நிலைப்பவை

மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தினமும் அரை மணி நேரம் விரைந்து நடப்பது, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது: வாழ்க்கைமுறைக் குழுவுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். மூன்றாண்டு முடிவில் ஒப்பீட்டுக்கான குழுவில் 55 சதவீதத்தினருக்கும், வாழ்க்கைமுறைக் குழுவில் 39 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை மற்றொரு குழுவுக்குத் தந்த பலனுக்கு இது குறைந்ததல்ல. மேலும், வாழ்க்கைமுறைக் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடை இயந்திரத்தைப் பார்த்து ‘பலன் இல்லை’ என்று நடையை நிறுத்துகிறவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடையோடு தசைக்கும் வேலை வேண்டும். வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எடை தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப்போல் உடம்பு முறுக்கேறிவிடும் என்ற அச்சம் வீண். அதற்கான டெஸ்டோஸ்டீரோன் அவர்களிடம் மிகக் குறைவு. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் வீட்டிலேயே தொடங்க ஏற்றவை.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்ற கூற்று, 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் எழுதிய நூலிலிருந்து திரிந்து வந்தது. நம் மருத்துவ மரபின் 48 நாள் மண்டலக் கணக்கு அதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள் எந்தப் பட்டினி முறையையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் தொடங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை: இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டுங்கள், சாப்பிட்டபின் தெருமுனைவரை ஒரு நடை போய்வாருங்கள்.