கலைக்கப்படாத ஒலிநாடாக்கள்

அச்செழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், மறுவாரமும் தேவைப்படும் தலைப்புகளையும் விளம்பரங்களையும் கலைக்காமல் கட்டிவைப்பது பத்திரிகைத் தொழிலில் வழக்கம். இன்று கணினியில் இசையமைப்போரும் இதனையே செய்கின்றனர். முன்னர் முடித்த பாடலொன்றின் தாளத்தையோ பேஸ் கிற்றார் தடத்தையோ எடுத்துப் புதிய கோப்பினுள் சேர்த்துவிடுகின்றனர். இது கணினி தந்த வசதி என்றே பலரும் எண்ணுவர். ஆனால் கணினி வருவதற்கு முன்னரே இதனை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தெடுத்தவர்கள் ஜமெய்க்காவின் இசைக் கலைஞர்கள் ஆவர்.

தலைநகர் கிங்ஸ்டனின் பொண்ட் வீதியில், தமது மதுபானக் கடையின் மேல்மாடியில் 'ட்ரெஷர் ஐல்' ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தியவர் டியூக் றீட். 1960களின் பிற்பகுதியில் அங்கு நிகழ்ந்த ஒரு சம்பவம் இன்றும் பேசப்படுகிறது. றூடி றெட்வூட் என்னும் நடன அரங்க ஒலிபெருக்கிக்காரருக்காக இசைத்தட்டு வெட்டுகையில், பரகன்ஸ் குழுவினரின் 'ஒன் த பீச்' பாடலின் குரல் தடம் விடுபட்டுப்போயிற்று. றெட்வூட் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிரவு குரலற்ற அவ்விசை ஒலித்தபோது, கூடியிருந்தோர் தாமே பாடத் தொடங்கினர்.

முடிந்துபோன ஒலிப்பதிவு மீண்டும் பணம் ஈட்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் விரைவில் உணர்ந்துகொண்டனர். 1970இல் யூ-றோய், றீட்டின் பழைய இசைத்தடங்களின்மேல் பேசியும் பாடியும் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுகள் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முன்னிடங்களைப் பிடித்தன. 'ஸ்ரூடியோ வன்' கூடத்தில் சவுண்ட் டிமென்ஷன் குழு வாசித்த 'ரியல் ரொக்' என்னும் வாத்திய இசையோ நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு அடித்தளமாயிற்று.

இக்கலையை அதன் உச்சத்திற்குக் கொண்டுசென்றவர் கிங் டபி. வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் திருத்துவதே அவரது தொழில். வோட்டர்ஹவுஸ் பகுதியிலிருந்த அவரது வீட்டுக் கூடத்தில் வாத்தியக் குழு அமர இடமிருக்கவில்லை. ஆகவே பிறர் கொண்டுவந்த ஒலிநாடாக்களே அவருக்கு மூலப்பொருள். நான்கு தடங்களில் ஒன்றை அடக்கி, மற்றொன்றை உயர்த்தி, எதிரொலி கலந்து அவர் உருவாக்கியதே 'டப்' இசை. 1989 பெப்ரவரியில் அவர் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தகைய படைப்பாற்றலைப் போற்றும் அதேவேளை, அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வாத்தியக்காரர்களுக்குப் பொதுவாக ஒருமுறைக் கூலியே வழங்கப்பட்டது. அவர்களது வாசிப்பு பத்தாம் முறை விற்பனையானபோதும் பணம் நாடாவின் சொந்தக்காரருக்கே போய்ச்சேர்ந்தது. 1993இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை, பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே அந்நாட்டில் நடைமுறையிலிருந்தது. 2018இல் யுனெஸ்கோ றெகே இசையை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, அதற்கு அடித்தளமிட்ட பலர் மறைந்துவிட்டிருந்தனர்.

இன்றைய மென்பொருளில் பழைய தடமொன்றை எடுத்தாள்வது நொடிப்பொழுதின் வேலை. ஆனால் அத்தடத்திற்குப் பெரும்பாலும் கருவியின் பெயரே இடப்பட்டிருக்கும். வாசித்தவரின் பெயர் இருப்பதில்லை. ஒலிப்பதிவு செய்யும் நாளிலேயே அப்பெயரையும், பேசிய கூலியையும், மீள்பயன்பாட்டுக்கான உடன்பாட்டையும் எழுதிவைப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. கிங்ஸ்டனின் வாத்தியக்காரர்களுக்கு அன்று கிடைக்காதுபோனது அதுவே.