கோழிக் கூடும் கல்கத்தா நகரும்

கோழிக் கூட்டைப் பற்றி ஆண்டு விழா மலரில் எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைக்கக் கூடும். லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்த அடுக்குமாடிகளில் வாழும் நம்மவருக்குக் கொல்லை ஏது, கோழி ஏது என்று வினவுவாரும் உளர். சோழர் தலைநகராகிய உறையூருக்கே 'கோழி' என்று பெயரிட்டு வழங்கிய மரபில் வந்தவர் நாம் என்பது ஒருபுறமிருக்க, கோழிக் கூட்டின் உள்ளே இன்னின்னவை அமைதல் வேண்டும் என்பதற்குரிய காரணத்தை ஆராய்ந்தோருள் ஒருவர், நாம் வாழும் இந்நகரில், பார்க் தெருவில் பணிபுரிந்தவர் ஆவார். ஆதலின் அவ்வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருந்தும் என்றே கருதுகின்றோம்.

ஏஷியாடிக் சொசைட்டி எனப்படும் ஆசியக் கழகத்தின் காட்சிச்சாலையைக் கவனித்துவர, 1841-ஆம் ஆண்டில் எட்வர்டு பிளைத் என்னும் ஆங்கிலேயர் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஊதியம் சொற்பம், உழைப்போ மிகுதி. 1862 வரை இங்கேயே தங்கிப் பறவைகளையும் விலங்குகளையும் ஆராய்ந்து வந்த அவர், 1855 முதல் சார்லஸ் டார்வினுக்கு நீண்ட கடிதங்கள் வரைந்தார். வீட்டுக் கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழித்தோன்றல்களே என்பது பிளைத்தின் உறுதியான கருத்து. 1868-இல் வெளிவந்த டார்வினின் நூலில் அக்கருத்து பிளைத்தின் பெயரோடு இடம் பெற்றது. அவர் கட்டிக் காத்த தொகுப்பே பின்னர்ச் சௌரங்கியிலுள்ள இந்தியக் காட்சிச்சாலைக்கு வித்தாயிற்று. அங்குச் செல்லும் நம் குழந்தைகள் எகிப்திய மம்மியைக் காண ஓடுகின்றனரேயன்றிப் பிளைத்தை நினைப்பாரில்லை.

பிளைத் கண்ட உண்மையில் ஒரு சிறு திருத்தம் பின்னாளில் நேர்ந்தது. கோழியின் மஞ்சள் நிறத் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபுக்கூறு செந்நிறக் காட்டுக்கோழியினுடையதன்று. நீலகிரி முதலிய மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மஞ்சட்கால் கோழிகளின் உடலில் நம் தென்னாட்டுக் காட்டின் பங்கும் உண்டு என்பது நமக்கு உவகையே. கோழி மனிதரை அண்டியது தென்கிழக்காசியாவில், நெல்லும் தினை வகைகளும் விளைந்த இடங்களிலே, இன்றைக்கு ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் என்று 2022-இல் ஆய்வாளர் கூறினர். களத்தில் சிந்திய மணியே அதனை ஈர்த்தது போலும்.

மணியை நாடி வந்த அப்பறவை மரத்தை மறந்ததில்லை. காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறித் திரிந்து, இருட்டுமுன் கிளையேறி உறங்குவது. கால் மடங்குந்தோறும் விரல்கள் கிளையைப் பற்றுமாறு அதன் தசைநாண்கள் அமைந்துள்ளன. கூட்டினுள் குறுக்காக ஒரு கழி வேண்டியிருப்பது இதனாலேயே. கழி ஏறக்குறைய 5 செ.மீ. அகலமும் மழுங்கிய விளிம்பும் உடையதாய், கோழி ஒன்றுக்கு 20 செ.மீ. இடம் தருவதாய் இருத்தல் நன்று. கழிகள் பலவாயின் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பொருத்துதல் வேண்டும். ஏற்றத்தாழ்வாக வைத்தால் உச்சிக் கழிக்கு ஒவ்வொரு மாலையும் போர் மூளும். முட்டையிடும் பெட்டி கழியினும் தாழ இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கோழி அதிலேயே உறங்கி, எச்சத்தால் முட்டையைக் கெடுத்துவிடும். புதர் மறைவில் முட்டையிட்ட பறவையாதலின் பெட்டிக்குச் சற்றே இருள் வேண்டும். 30 செ.மீ. நீள அகல உயரமுள்ள பெட்டி ஒன்று நான்கைந்து பெட்டைகளுக்குப் போதும். தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி அடிக்கடி கிளறிவிடுதல் ஆழ்கூள முறை எனப்படும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் வைத்தால் கோழி அதிற் புரண்டு பேனையும் செள்ளையும் உதிர்த்துக் கொள்ளும். வங்காளத்து மழைக்காலத்திற்கு இவை மட்டும் போதா. கழிக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்று வழி இல்லையேல் உமி நனைந்து நாறும். அவ்வழியைக் கம்பி வலையால் அடைக்காவிடின் மரநாய் விருந்துண்டு போகும்.

நம் பாட்டிமார் இதற்கெல்லாம் பஞ்சாரம் ஒன்றையே நம்பினர். பருந்துக்கும் கீரிக்கும் அது நல்ல காவல். குஞ்சுகளோடு தாய்க்கோழியை அடைக்க அதனினும் எளியது இல்லை. ஆயினும் அதனுள் கழி கிடையாது. வளர்ந்த கோழி இரவு முழுதும் தன் எச்சத்தின் மீதே அமர்ந்திருக்க நேரும் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. இக்குறையை நீக்கும் முயற்சி தமிழ் வழங்கும் நிலத்திலும் நிகழ்ந்தது. அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் நிறுவிய ஊர்ச் சீரமைப்பு நிலையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் 1920-களில் தேனீயும் கோழியும் வளர்க்கக் கற்பித்தார். பரம ஏழையும் பார்த்துச் செய்யக் கூடாத எதையும் மாதிரியாகக் காட்டலாகாது என்பது அவர் கொள்கை. முட்டை விற்பனைக்கு ஒரு கூட்டுறவும் அங்கு உருவாயிற்று. அதே காலத்தில், 1927-இல், குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் கண்டறியப்பட்டது. தடுப்பு மருந்து வரும்வரை, எத்துணை நல்ல கூடும் அந்நோய்க்கு முன் நிற்கவில்லை.

வங்க நாட்டிலோ கூடு வேறொரு தடையையும் கடக்க வேண்டியிருந்தது. முற்கால இந்துக் குடும்பங்களில் வாத்து முட்டைக்கு அடுக்களையில் இடமுண்டு, கோழிக்கு இல்லை. உண்ண விரும்பியோர் 'ராம்பாக்கி' என்று பெயர் மாற்றி அழைத்தனர். பெயர் மாறினால் தீட்டுப் போய்விடுமா என்று நாம் கேட்பதற்கில்லை, நம்மவரும் இத்தகைய தந்திரம் அறியாதவர் அல்லர். சிற்றூர்களிலோ நாலைந்து கோழி வைத்திருப்பது பெண்களின் கைப்பொருள். பிள்ளையின் புத்தகமும் அவசர மருந்தும் அம்முட்டைக் காசில் வருவன. 2008 ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்து மார்கிராமிலும், தெற்குத் தினாஜ்பூரின் பாலூர்காட்டிலும் பறவைக் காய்ச்சல் கண்டபோது, மாநிலமெங்கும் இலட்சக்கணக்கான பறவைகள் அழிக்கப்பட்டன. இழப்பீடு உண்டென அறிவித்தும், கோழியை ஒளித்து வைத்த குடும்பங்கள் பல. நரிக்கும் திருடனுக்கும் அஞ்சி, வாழும் குடிசைக்குள்ளேயே, கட்டிலின் கீழ்க் கோழியை அடைக்கும் வீடுகள் அங்கே மிகுதி. சுவரால் பிரிந்த தனிக் கூடு எத்துணை இன்றியமையாதது என்பது அந்தக் குளிர்காலத்தில் வெளிப்பட்டது. ஆனால் தனிக் கூட்டிற்கு மரமும் கம்பி வலையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். கட்டிலின் கீழ் இடத்திற்கு விலையில்லை. அப்பெண்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

நதியா மாவட்டத்துக் கொல்லைகளில் 'ஹரிங்காட்டா கறுப்பு' என்னும் சிறிய நாட்டுக்கோழி இன்றும் வளர்க்கப்படுகின்றது. உடல் சிறிது, முட்டையும் சிறிது. ஆயினும் பறப்பதில் வல்லது. கழியில்லாத கூட்டில் அதனை அடைக்கப் பார்த்தால், இருட்டிய பின் விளக்கேந்தி மாமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து அழைக்க வேண்டியதுதான்.