அழகப்பருக்கு எது நினைவுச்சின்னம்?

காரைக்குடிக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. கம்பனுக்கு மணிமண்டபம் இருக்கிறது, கண்ணதாசனுக்கும் இருக்கிறது. வள்ளல் அழகப்பருக்கு ஊர் நடுவே பூங்கா அமைத்து, அதில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டாமா என்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அவர் என்ன செய்தார் என்று ஆண்டுக் கணக்கோடு பார்த்தால், அந்தச் சின்னம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

அழகப்பர் 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றார். நகரத்தார் பலர் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்துகொண்டிருந்த காலத்தில் இவர் மில் தொழிலில் இறங்கினார். திருச்சூர்ப் பக்கம் இவர் நிறுவிய நெசவாலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். பிறகு சொந்தமாக விமானக் கம்பெனியும் நடத்தினார்.

1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும், அங்கே போட்ட முதல் போய், உயிர் பிழைத்தால் போதுமென்று நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்த நெருக்கடிக் காலத்தில்தான் அழகப்பர் கொடுக்கத் தொடங்கினார். 1944-இல் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் தந்தார். ஏ.சி.டெக் என்று நாம் சொல்வது அதுதான்.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம் நடந்தது. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கத் தனவந்தர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அழகப்பர் அங்கேயே சொல்லிவிட்டார். கட்டடம் கட்டி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 11-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு நான்கு நாள் முன்பு, கல்லூரி திறந்தாயிற்று. அதுவரை இந்தப் பக்கத்துப் பையன் மேலே படிக்க வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். போக வசதியில்லாதவன் பள்ளிப் படிப்போடு நின்றான். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி.

அடுத்தது சிக்ரி. சுதந்திரம் வந்த கையோடு நேரு அரசு தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவியது. இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புனே, உலோகத்துக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெரிய ஊர்களாகவே அமைந்தன. மின்வேதியியல் ஆய்வுக்கூடம் மட்டும் செம்மண் பொட்டலான காரைக்குடிக்கு வந்தது. அதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, மின்முலாம், இரும்பு துருப்பிடித்தல் என்று அங்கே ஆராய்வதெல்லாம் நம் அன்றாடத்தோடு சேர்ந்தவை. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதும் சிக்ரியின் நிலையம்தான்.

1952-இல் பொறியியல் கல்லூரியும் வந்தது. பிரிட்டிஷார் தந்த சர் பட்டத்தைச் சுதந்திரத்துக்குப் பின் வேண்டாமென்று விட்டவருக்கு, 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் நோயும் வாட்டியது, வியாபாரமும் முன்போல் இல்லை. ஆனாலும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை. 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். மறுநாள் இருந்திருந்தால் 48 நிறைந்திருக்கும்.

வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலும் சத்திரமும் ஊருணியும் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அழகப்பர் அந்த மகமையைப் படிப்பின் பக்கம் திருப்பினார். மகமைக்கு ஓர் அளவு உண்டு. இவர் அளவே வைத்துக்கொள்ளவில்லை. அவர் நட்டதிலிருந்து 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமும் முளைத்தது.

அதனால் பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தால், அவர் உருவத்தின் கீழே பட்டங்களை அடுக்காமல், எந்த ஆண்டு எதைக் கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு அழைத்துப் போகிறோமே, அப்படியே கல்லூரிச் சாலைக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள். உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர் யார், எந்த ஆண்டு என்பதை அங்கே நின்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் அந்த ஆண்டு 1947-க்குப் பிறகுதான் வரும்.