வண்டல் மண் முதல் சொட்டுநீர் வரை... செங்கல்பட்டு விவசாயிகள் மானியத்துக்கு எங்கே போகணும்?

மானியம் என்றதும் பலரும் நேராக கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்தில் இருக்கும் வேளாண்மை விரிவாக்க மையம்தான் முதல் வாசல். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் என்றால் திருக்கழுக்குன்றம் அல்லது திருப்போரூர் வட்டாரம். நெல், நிலக்கடலைக்கு வேளாண்மைத் துறை; தர்பூசணி, காய்கறிக்கு தோட்டக்கலைத் துறை; சோலார் பம்ப்செட்டுக்கு வேளாண் பொறியியல் துறை. எது எங்கே என்று குழப்பமா? 2018-ல் வந்த 'உழவன்' செயலியில் மூன்று துறை விவரமும் இருக்கு.

பட்டா இன்னும் தாத்தா பேர்லயா?

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருக்கணும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குக் கிடையாது; வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் வாரிசு சான்றிதழ் வாங்கி பட்டா மாற்றுவதை முதலில் முடிங்க. ஈசிஆர் பக்கம் நிலத்தின் விலை ஏற ஏற, அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு என்பது வேறு கதை!

குத்தகை விவசாயிகளுக்கு பிஎம் கிசான் இல்லை. ஆனால் பயிர்க் காப்பீடு உண்டு. விஏஓ தரும் அடங்கலை வைத்துப் பதிவு செய்யலாம். சம்பா நெல்லுக்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும். அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயல் மழையில் வீணானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாகணும்.

தண்ணீரையும் மண்ணையும் காப்பாத்த...

5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு சொட்டுநீர்ப் பாசனம் 100 சதவீத மானியத்தில் கிடைக்கும். மற்றவர்களுக்கு 75 சதவீதம். இதற்கு தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று அவசியம். கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாக இருந்தால், குழாய் போடும் முன்பே தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிச்சிடுங்க. இல்லாவிட்டால் உப்பு படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும்.

ஏரி வண்டல் மண் இலவசம். 2024 ஜூலை முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தருகிறார்கள், இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். வண்டி வாடகை மட்டும் உங்க செலவு. நிலத்துக்கு உரம், ஏரிக்கு ஆழம் என ரெண்டு பக்கமும் லாபம்.

பயிர், கால்நடை சந்தேகங்களுக்கு காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போனிலேயே கேட்க: 1800-180-1551, கட்டணம் இல்லை. எல்லாம் கொடுத்தும் மனு நகரவில்லையா? மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டோடு அங்கே போங்க.